அக்காவுக்கு நான் மூலைக்கொடி

திராட்சைக்கொடிக்கு வாய் இல்லாதது எவ்வளவு பெரிய வசதி என்று, நானே கொஞ்ச காலம் கொடியாக இருந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாய் இருந்திருந்தால் எங்கள் பக்கத்துப் பந்தல்களில் ஒரு விவசாயியும் நிம்மதியாக மருந்தடிக்க முடியாது.

எங்கள் சுருளிப்பட்டியில் புது மருந்து எது வந்தாலும், கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், அதை நேரே பந்தலுக்குள் விடமாட்டார்கள். மூலையில் நிற்கும் ஒரு கொடிக்கு மட்டும் முதலில் அடிப்பார்கள். இலை கருகுகிறதா, பூ கொட்டுகிறதா, பிஞ்சு வெடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றக் கொடிகளுக்கு. எங்கள் வீட்டில் அதற்கு மூலைக்கொடி என்று பெயர். எங்கள் பந்தலின் மூலைக்கொடி நான் வாக்கப்பட்டு வந்த காலத்திலிருந்து எல்லா விஷத்தையும் ருசி பார்த்திருக்கிறது. இன்னமும் காய்க்கிறது, ஆனால் அந்தப் பழத்தை நாங்கள் யாரும் தின்பதில்லை. விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிடுவோம்.

எனக்கு அக்கா ஒருத்திதான். அவளை அண்ணனுக்கும் என்னைத் தம்பிக்குமாக ஒரே வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். ஆகவே அவள் எனக்கு அக்காவும் ஆனாள், ஓரகத்தியும் ஆனாள். அக்காவாக இருக்கும்போது தின்னக் கொடுப்பாள். ஓரகத்தியாக இருக்கும்போது கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவாள். எந்த நேரத்தில் எதுவாக இருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. ஒரு பக்கத்தை எடுத்தார்கள், ஊசி ஏற்றினார்கள், கதிர்வீச்சு என்று கரண்டு வைத்தார்கள். முடி மொத்தமும் கொட்டி, மறுபடி முளைத்தபோது சுருள்சுருளாக முளைத்தது. “காசில்லாம சுருட்டி விட்டுருக்காக” என்று கண்ணாடி முன்னால் நின்று தலையை ஆட்டிக் காட்டினாள். நான் கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்து, நல்லாத்தான் இருக்கு என்றேன்.

அவளுக்கு வந்தது, பெண்ணுடம்பில் ஊறுகிற ஹார்மோனைத் தின்று வளர்கிற ரகமாம். சிகிச்சைக்குப் பிறகும் எங்காவது ஒன்றிரண்டு செல் ஒளிந்துகொண்டிருந்தால், அதற்குத் தீனி கிடைக்காமல் பார்த்துக்கொள்ளத் தினமும் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். பல வருஷம் சாப்பிட வேண்டும். மாத்திரை அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கூடவே அக்காவின் உடம்பில் அடுப்பையும் மூட்டியது. நின்றால் எரிச்சல், உட்கார்ந்தால் வேர்வை, தூங்கலாம் என்று படுத்தால் தலையணை நனைந்து போகும்.

அதே காலத்தில் எனக்கு மாதவிடாய் நின்றது. எனக்கு மாத்திரை ஏதும் தேவைப்படவில்லை, வயசு ஒன்றே போதுமானதாக இருந்தது. உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். ‘கார்காலம்’ என்று கரும்பலகையில் எழுதும்போதே கழுத்திலிருந்து சூடு குபீரென்று கிளம்பும். எழுதியதை நானே வேர்த்த கையால் அழித்துவிடுவேன். பிள்ளைகள் பேசிவைத்ததுபோல் எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு மறுபடி உட்காருவார்கள். வீட்டுக்கு வந்தால் அங்கே அக்கா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, முட்டை வைக்கும் தட்டுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். நகரச் சொன்னால் ஓரகத்தி ஆகிவிடுவாள்.

ஒரு தடவை விசேஷத்துக்கு வாழைத்தார் வாங்கச் சின்னமனூர் போனோம். எங்களுக்குக் கொழுந்தன் முறையாகும் ஒருவர் அங்கே வாழைக்காய் பழுக்கவைக்கிற ஏசி அறை வைத்திருக்கிறார். தாரைக் காட்டுகிறேன் என்று கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து குளிர் காற்று முகத்தில் அடித்தது. அக்கா தாரைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொழுந்தனார் வாசலில் நின்று கெஞ்ச ஆரம்பித்தார்.

“மதினி, வெளிய வாங்க. கதவச் சாத்தி கேஸ் விடணும். உள்ள இருந்தா நீங்களும் பழுத்துருவீக.”

“நாங்க பழுத்து ரொம்ப நாளாச்சு. நீ போயி டீ சொல்லு” என்றாள் அக்கா.

அவர் கடைசியில் ஆள் வைத்துப் பெட்டிகளை வெளியே எடுக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தோம். அந்த வாரம் அவருடைய பழம் சரியாக நிறம் வரவில்லை என்று இன்றைக்கும் எங்களைத்தான் குறை சொல்கிறார்.

இந்த நிலையில்தான் கூடலூர்க்காரம்மா வந்தார். வீடு வீடாகச் சத்து மருந்து விற்பவர். ஸ்கூட்டரில் வருவார், பாதித் தமிழ் பாதி மலையாளம், எல்லோரையும் சேச்சி என்பார். அவர் பையில் ஒரு பாட்டில் இருந்தது. பாட்டிலின் மேல் ஒரு வெள்ளைக்காரி ஊதாப் பூக்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். நம் வயசுதான் இருக்கும், ஒரு சொட்டு வேர்வை இல்லை. முழுக்க முழுக்கத் தாவரம், பக்கவிளைவு கிடையாது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கென்றே செய்தது என்றார்.

“செடிதானே சேச்சி. செடி என்ன செய்யும்? ஒரு குழப்பமும் இல்லா” என்றார். குழப்பம் என்றால் மலையாளத்தில் கெடுதல்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “அரளியும் செடிதான்” என்றேன்.

அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்கா அந்த வெள்ளைக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடலூர்க்காரம்மா போன பிறகு, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள்.

“ஏடி, அந்த மாத்திரைய நிறுத்திட்டு இத எடுத்துக்கிட்டா என்ன? அது எரிக்கிது. இது எரிச்சல அமத்துதுன்னு சொல்றாக.”

எனக்குப் பாம்பு பயம் இல்லை, பேய் பயம் இல்லை, இன்ஸ்பெக்‌ஷன் பயம்கூட இல்லை. அக்காவுக்கு அது மறுபடி வந்துவிடுமோ என்கிற ஒரே ஒரு பயம்தான். அந்த மாத்திரைதான் நடுவில் நிற்கிறது என்று நினைத்துத்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அதாவது வேர்க்காத நேரங்களில்.

“டாக்டரம்மாகிட்ட கேக்காம எதையும் தொடாதே” என்றேன்.

“கேட்டா வைவாக.”

“வைவாகன்னா அப்ப அது தப்புதான?”

“நான் இட்லிக்குச் சட்னி கூட வச்சுக்கிட்டாலும் அவுக வைவாக.”

சத்தம் கேட்டு அண்ணன் தம்பி இருவரும் உள்ளே வந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் எனக்கு மச்சான். அதிகம் பேசமாட்டார். என் வீட்டுக்காரர் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பந்தலில் நிற்கும் குரலில் சொன்னார்: “புது மருந்து. மூலைக்கொடியில அடிச்சுப் பாக்காம எப்படி?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. ஒரே தாய் வயிறு, ஒரே வேர்வை. அவள் நோயில் அடிபட்ட கொடி, நான் ஒன்றும் ஆகாத கொடி. எனக்கு ஒத்துக்கொண்டால் அவளுக்கும் ஒத்துக்கொள்ளும். அதுவரை அவள் பாட்டிலைத் தொடக்கூடாது, மாத்திரையையும் விடக்கூடாது என்று நான் நிபந்தனை போட்டேன். சரி என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதற்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து என்னை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பார்வையிட்டார்கள். காலையில் நான் பல் துலக்கும்போதே என் வீட்டுக்காரர் வந்து நிற்பார். நாக்கை நீட்டச் சொல்வார். கண் இமையை இழுத்துப் பார்ப்பார். கையைத் திருப்பி, இலையின் அடிப்பக்கம் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

“சாம்பல் நோய் மாதிரி வெள்ளையா இருக்கே.”

“அது பல்பொடி.”

மச்சான் ஒன்றும் கேட்கமாட்டார். வாசலில் உட்கார்ந்தபடி என் நடையைக் கவனிப்பார். ஒரு நாள் நான் தலைவலி என்று படுத்திருந்தேன். அவர் தம்பியை வெளியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், “வாடுதோ?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. தண்ணீர் பாய்ச்சச் சொல்லிவிடப் போகிறார்களே என்று நானே எழுந்து டீ போட்டேன்.

இது போதாதென்று அக்கா சமையலறையில் எனக்குத் தனியாகக் கவனிப்பு நடத்தினாள். முட்டை வைப்பாள், நெய் ஊற்றுவாள். மூலைக்கொடிக்கு உரம் குறைவாக இருந்தால் மருந்தின் குணம் சரியாகத் தெரியாது என்பது அவள் கொள்கை.

நடுவில் என் வீட்டுக்காரர், பாட்டிலில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக போனில் தேட ஆரம்பித்தார். சோயாவின் சாரம் என்று ஒன்று இருந்தது. ஏதோ வெளிநாட்டு வேர் என்று ஒன்று. மூன்றாவதாக ஒரு சிவப்புப் பூ. அதன் படத்தைப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஏ இவளே, இது மாட்டுத் தீவனம். வெளிநாட்டுல ஆடு மாட்ட இதுலதான் மேய விடுறாக.”

“பரவால்ல, பால் சுரக்காம இருந்தாச் சரி.”

“இந்தச் சாதிச் செடிய ரொம்ப மேஞ்சா ஆடு சினை பிடிக்காதுன்னு வேற போட்டுருக்கு.”

“எனக்கு இனிமே சினை பிடிச்சு என்ன ஆகப்போகுது?”

அக்கா அடுப்படியில் சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கணம் போனையே பார்த்தார். “அப்ப உள்ள போயி என்னமோ செய்யுது, இல்ல?” என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

ஏனென்றால் எனக்கு உடம்பு நன்றாகிவிட்டது. அதுதான் வினை. எரிச்சல் குறைந்தது, தூக்கம் வந்தது. ‘கார்காலம்’ முழுவதையும் ஒரே மூச்சில் நடத்தி முடித்தேன். அந்தச் சமயத்தில் மேகமலைப் பக்கம் மழை இறங்கிப் பள்ளத்தாக்கே குளிர்ந்திருந்தது என்பதை நான் சொல்லிப் பார்த்தேன். முட்டையும் நெய்யும்கூடக் காரணமாக இருக்கலாம் என்றேன். கொடி பேச்சை யார் கேட்பது? இலை கருகவில்லை, பூ கொட்டவில்லை, மருந்து பாஸ் என்று என் வீட்டுக்காரர் அறிவித்தார். அக்கா கூடலூர்க்காரம்மாவுக்கு போன் போட்டு, ஒரு வருஷத்துக்கு உண்டானதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அவளோடு நான் போட்ட சண்டையில் தெருநாய்கள்கூட ஓடிவிட்டன. தேனியில் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் காட்டாமல் ஒரு வில்லை வாயில் வைத்தாலும், உன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே படிதான் என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டேன். அவள் அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, சரி வருகிறேன் என்றாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. போடிப் பக்கத்துக்காரர். அவசரம் காட்டாமல் பேசுவார். அக்காவைப் பரிசோதித்துவிட்டு, சாப்பிடுகிற மருந்தையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார். அக்கா மாத்திரை அட்டையை வைத்தாள். பிறகு, கோயிலில் தேங்காய் வைப்பதுபோல் பாட்டிலை வைத்தாள். டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார். அட்டையை எடுத்துப் பார்த்தார்.

“இதுல நிறைய பாக்கி இருக்கே. ஒழுங்கா போடறீங்களாம்மா?”

அக்கா கூரையைப் பார்த்தாள்.

“கொஞ்ச நாளா போடல” என்றாள். “இவளுக்குத்தான் நல்லாருச்சே, எப்படியும் மாத்தப் போறோம்னு…”

எனக்கு அவளை அங்கேயே அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க முடியாததால் அழுகை வந்தது. டாக்டரம்மா என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். யார் நோயாளி என்பதில் அவருக்கு ஒரு நிமிஷம் குழப்பமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். இந்தச் செடிகளில் சிலவற்றுக்குள் இருக்கும் பொருள், பார்வைக்கு நம் பெண் ஹார்மோனின் தங்கச்சி மாதிரி இருக்குமாம். ஆய்வுக்கூடத்தில் மார்புப் புற்றுநோய்ச் செல்லைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் இந்தச் சாறுகளை விட்டுப் பார்த்திருக்கிறார்களாம். சிலதில் செல் அடங்கிக் கிடந்தது. சிலதில் பெருகியது. ஒரே சாறு, கொஞ்சமாக விட்டால் ஒரு மாதிரியும் அதிகமாக விட்டால் வேறு மாதிரியும் செய்தது. இந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்ததும் உண்டு.

“தட்டுல நடக்கிறதெல்லாம் உடம்புல அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது. நடக்காதுன்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது. உங்க மாத்திரை மடையை அடைச்சு வச்சிருக்கும்மா. இது கொல்லைப் பக்கமா ஒரு வாய்க்கால் வெட்டலாம். வெட்டாமலும் இருக்கலாம். உங்க வயல்னா நீங்க அந்த வாய்க்கால விடுவீங்களா?”

தண்ணீர் விஷயத்தைச் சொன்னால் எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அக்கா விடவில்லை.

“இவகிட்ட அடிச்சுப் பாத்துட்டோம் டாக்டர். இவதான் மூலைக்கொடி.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அக்கா பந்தலிலிருந்து ஆரம்பித்து, என் நாக்கு, என் இமை, நெய், முட்டை வரைக்கும் எல்லாவற்றையும் விவரித்தாள். டாக்டரம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவர் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் மரியாதையாகக் காத்திருந்தோம்.

“அந்த நோயே இல்லாத கொடியில அடிச்சா, அந்த நோய இது வளக்குமா வளக்காதான்னு எப்படிம்மா தெரியும்?” என்றார்.

அக்கா சம்பந்தமில்லாததுபோல் ஒரு கேள்வி கேட்டாள்.

“தட்டுல வளக்கிறாகன்னு சொன்னீகளே. அந்தச் செல்லு யாருது?”

“ரொம்ப காலத்துக்கு முன்னாடி, வெளிநாட்டுல, இதே நோய் வந்த ஒரு அம்மாவோடது. அவங்க இறந்துட்டாங்க. அந்தச் செல்ல மட்டும் இன்னும் வளத்துக்கிட்டே இருக்காங்க.”

“அப்ப அந்த ஆத்தாதான் மூலைக்கொடி” என்றாள் அக்கா. பாட்டிலைத் தன் பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தி வைத்தாள். பிறகு, “மீல்மேக்கர் குழம்பு வைக்கலாமா? அதுவும் சோயாதான?” என்று கேட்டாள்.

குழம்பில் அளவாகப் போட்டுச் சாப்பிடுவது வேறு, சாரம் இறக்கி வில்லையாக்கித் தினமும் விழுங்குவது வேறு என்றார் டாக்டரம்மா. எரிச்சலுக்கு ஹார்மோன் பக்கமே போகாத வேறு மருந்து இருக்கிறது, தருகிறேன், முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றார். நீங்கள் வைவீர்கள் என்று பயந்தோம் என்றாள் அக்கா. நான் எப்போதாவது வைதிருக்கிறேனா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், ஒரு தடவைகூட இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். அப்போது டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீங்க கூடப் பிறந்தவங்கதானே? மேமோகிராம் எடுத்திருக்கீங்களா?”

எடுத்ததில்லை. அக்காவுக்கு ஆன அன்றிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பரீட்சைத்தாள் திருத்தணும், அறுப்பு நேரம் என்று ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். என்னை ஒன்றும் ஆகாத கொடி என்று வீடே முடிவு கட்டியிருந்தது. ஆனால் அந்தக் கொடியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்த மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

“இன்னைக்கே இவளுக்கு எடுத்துருங்க டாக்டர்” என்றாள் அக்கா, டாக்டரம்மா சொல்வதற்கு முன்னால்.

ஸ்கேன் எடுக்கும் இடம் பக்கத்துத் தெருவில் இருந்தது. வாசலுக்குப் போனதும் நான் நின்றுவிட்டேன். பயந்து நிற்பதைவிடச் சண்டை போடுவது சுலபம் என்பதால் சண்டையை ஆரம்பித்தேன்.

“நீ மொதல்ல மாத்திரையப் போடு. அப்பத்தான் உள்ள போவேன்.”

“வீட்டுல போயி போடுறேன்டி.”

“வீட்டுல போயி நீ போட்ட லட்சணந்தான் தெரியுதே.”

“ஏடி, டோக்கன் கூப்பிடுறாக, போ உள்ள.”

“நீ அதப் போடலைன்னா நான் இதுக்குப் போகமாட்டேன். ரெண்டு பேரும் சேந்தே போயிச் சேருவோம்.”

கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளைப் பெற்ற இரண்டு பொம்பளைகள் தேனியில் நடுத்தெருவில் நின்று, நீ முதல்ல, நீ முதல்ல என்று கத்திக்கொண்டிருந்தோம். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டே பார்த்தார். ‘போயிச் சேருவோம்’ என்று நான் சொன்னதும் அக்கா எதிர்க் கடைக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினாள். அட்டையைப் பிதுக்கி மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள். திரும்பி வந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினாள்.

“நாக்கத் தூக்கு” என்றேன்.

“சண்டாளி” என்றாள், தூக்கிக் காட்டிவிட்டு.

“நாளைக்கும் போடுவ?”

“டாக்டரம்மா போதும்னு சொல்ற வரைக்கும் போடுறேன். போதுமா? போ.”

உள்ளே இருந்த மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக ஆம்பளையாகத்தான் இருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றியது. சப்பாத்திக்கட்டையில் வைத்து அழுத்துவதுபோல் அழுத்தினார்கள். மூச்சை நிறுத்துங்கம்மா என்றாள் அந்தப் பெண். நான் மூச்சுவிட்டு ரொம்ப நேரமாகியிருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கொஞ்சம் சாய்ந்து, கையைத் தூக்கி என்று அவள் சொல்லச் சொல்ல, பந்தலில் பழம் பறிக்கிறவள் மாதிரி நின்றேன். சிரிப்பு வந்தது. அசையாதீங்க என்று அதட்டினாள். ஒரு படத்தை இரண்டாவது தடவை எடுத்தாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படம் அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போய்விட்டது. நாங்கள் திரும்பிப் போய்க் காத்திருந்தோம். அவர் பார்த்துவிட்டுக் கூப்பிடும்போது அக்கா என்னோடு உள்ளே வரவில்லை. நீ போ, நான் இங்கன உக்காந்திருக்கேன் என்றாள். நான் தனியாகப் போனேன். சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் மறக்காமல் வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அந்தப் பாட்டிலை நான் என்ன செய்வது என்று கேட்டேன். எனக்கு அது கெடுதல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அக்காவுக்கு வந்திருக்கும் வீட்டில் அது எதற்கு என்றார். அந்த வெள்ளைக்காரியைக் குப்பைக்கூடையில் ஓட விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா காத்திருக்கும் கூடத்தில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் குளிருக்கு முந்தானையைப் போர்த்தியிருந்தார்கள். அவளுக்கு ரவிக்கை முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வழிந்து தாடையில் சொட்டியது.

“ஒண்ணுமில்லையாம்” என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்னக்கா, மறுபடி எரியுதா? அந்த மாத்திரை அதுக்குள்ளயா வேலை செய்யுது?”

“இல்லடி. இது அந்த வேர்வை இல்ல” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. “எனக்கு வந்துருக்குன்னு சொன்னப்பக்கூட இப்படி வேர்க்கல.”

நான் அவளுடைய முந்தானையை இழுத்து அவள் கழுத்தைத் துடைத்துவிட்டேன். பிறகு அதே முந்தானையில் என் முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.